ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க

லிட்டருக்கு அறுபத்திரண்டு தந்த வண்டி
மாசியில் ஐம்பத்தைந்து,
பங்குனியில் நாற்பத்தேழு.
சமையலறைக் காலண்டரில்
பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து கதிர்காமம்.
போக இருபத்தாறு, வர இருபத்தாறு.
பெட்ரோல் எல்லை தாண்டிக் கன்னியக்கோயிலில்தான்.
அங்கே மிச்சமாகும் சில்லறையை
ரெட்டிச்சாவடிப் பள்ளங்கள் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

கார்புரேட்டரைத் துடைத்தார்கள், பிளக்கை மாற்றினார்கள்,
கடைசியில் என்னைக் குறை சொன்னார்கள்:
"மேடம் கிளட்ச்சிலேயே ஓட்டுறீங்க."
நெல்லித்தோப்பு தஸ்தகீர்தான்
வண்டிக்குப் பின்னால் குந்தி
புகைக்குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தார்.
"இதுக்கு உள்ள இழுக்கத் தெரியுது.
வெளிய விடத்தான் தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஆஸ்பத்திரியில் நுரையீரல் சோதனை அறை என்னுடையது.
மூக்கில் கிளிப் மாட்டி
அட்டைக் குழாயை வாயில் கொடுத்து
இழுங்க என்று மெல்லவும்
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க என்று கத்தியும்
பதினோரு வருஷம்.
பக்கத்து அறை ஈ.சி.ஜி. பிரமிளா
என்னைப் பலூன்காரி என்பாள்.

சைலன்சரை நீளவாக்கில் அறுத்தார்.
உள்ளே தடுப்புத் தகடுகள் இற்று
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.
கரி. உப்புக்காற்று தின்ற துரு, இரண்டு கைப்பிடி.

"பெருசா குழா போட்டா அதிரும்,
பசங்க அப்படித்தான் கேப்பானுங்க.
ஆனா குழா அகலமாச்சுன்னா புகை சோம்பேறி ஆயிடும்.
ஒண்ணு ஓடுற ஓட்டத்துலதான்
அடுத்தத இழுத்துக்கிட்டுப் போவும்.
சொல்லுங்க, வேகமா, மைலேஜா?"
வார்டுப் பக்கம் சத்தம் கேட்கக் கூடாது என்றேன்.
அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போல.
காதில் செருகிய பீடியை எடுத்து
யோசித்து
மறுபடி செருகிக்கொண்டார்.

எஞ்சினை ஒட்டி இருந்த முரட்டு வளைவை வெட்டி எறிந்துவிட்டு
புதுக்குழாயில் மணல் நிரப்பிச் சூடு காட்டி
அவசரப்படாத ஒரு வளைவாக வளைத்தார்.
உள்ளே சல்லடைக் குழாய், சுற்றிலும் கண்ணாடி இழை.
பற்றவைத்த தையலின் ஓரத்தில்
வைக்கோல் நிறம், அதையடுத்து ஊதா,
அதையும் தாண்டி மயில்கழுத்து.

நடுநடுவே நிறுத்தி இருமினார்.
முகமூடி ஆணியில் தொங்கியது.
இருமலின் வாலில் வருகிற அந்தச் சின்ன விசில்
எனக்குப் பழக்கமான விசில்.

புதன்கிழமை வரச் சொன்னேன்.
வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில்.
முதல் ஊதல் செல்லாது. இரண்டாவதும்.
மூன்றாவதில் திரையில் கோடு விறுவிறுவென ஏறி
உச்சியிலேயே கைவிட்டு
ஈரப் போர்வை போட்ட கொடிக்கயிறாய்த் தொய்ந்தது.

வெல்டிங் தையலைப் பார்ப்பதுபோல்
குனிந்து பார்த்தார்.
"அடைப்பு எந்த இடத்துல?"
"ஒரே இடத்துல இல்லீங்க. எல்லா இடத்துலயும்,
சின்னச் சின்னதா."
"அப்ப அறுத்துப் பாக்குற வேலை இல்ல"
என்று சிரிக்கப் போய் இருமினார்.

நேற்று நிரப்பும்போது கணக்குப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு. நான் கேட்டது அறுபது.
மூன்றாம் கியரில் முன்னைவிட லேசாக எழும்புகிறது.
சத்தம் தையல் மிஷின் அளவுக்கு.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
சைலன்சரைக் கழற்றி எறிந்த ஒரு பையன்
ஊரையே திட்டிக்கொண்டு என்னை முந்திப் போனான்.

தஸ்தகீருக்கு நான் தர வேண்டிய பாக்கி இருநூறு.
டாக்டர் எழுதிய இன்ஹேலர் சீட்டு
என் மேசை டிராயரில் கிடக்கிறது.
அதை வாங்க வந்தால்தான் இது என்று
சொல்லிவிட்டிருக்கிறேன்.

காலையில் அவர் கடையைத் தாண்டும்போது
ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்குகிறேன்.
உள்ளே தீப்பொறி நிற்கிறது.
இருமல்.
மறுபடி தீப்பொறி.